பச்சையில் எழுதியிருந்த ஒரு சொல்

2013 ஜூலை 6, சனிக்கிழமை. எனக்கு நைட் ஷிஃப்ட். சான் பிரான்சிஸ்கோவில் காலை 11:28க்கு அந்த விமானம் தரையில் மோதியபோது இங்கே நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் பாக்கி. கன்ட்ரோல் ரூமில் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்திருப்போம். ஒரு மணிக்கு மேல் யாருடைய போனிலோ படம் வந்தது. ஓடுபாதையை ஒட்டிய தரையில் ஒரு போயிங் 777. வால் இல்லை. கூரை எரிந்துபோய் உள்ளே இருக்கை வரிசைகள் தெரிந்தன.

"பைலட் தூங்கிட்டானா?" என்றான் புதிதாகச் சேர்ந்திருந்த டிரெய்னி.

எங்கள் ஷிஃப்ட்டின் சீனியர் பேனல் ஆபரேட்டரை மேனேஜர் உட்பட எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த மோடுல வந்தான்னு முதல்ல கேளுடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு அந்த வருடம் மோடு (இயந்திரம் எந்த முறையில் ஓடுகிறது என்பது) என்ற சொல்லே ஒரு புண். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுத்த வருடம் ஜூனில் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவுகளை வெளியிட்டதும் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அண்ணன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அது ஏசியானா 214. தென் கொரியாவின் இஞ்சியோனிலிருந்து வந்த விமானம், உள்ளே 307 பேர். நல்ல வெயில், காற்றுத் தொந்தரவு இல்லை, ஓடுபாதை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. விமானத்திலும் பழுது எதுவும் இல்லை. இறங்கும் சரிவைக் காட்டித்தரும் ரேடியோ வழிகாட்டி மட்டும் கட்டுமான வேலைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதனால் கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் வைத்திருப்பார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் வருகிறீர்கள். நான்கும் சிவப்பென்றால் ரொம்பத் தாழ்ந்துவிட்டீர்கள். அந்த விளக்குகள் அன்று ஒழுங்காகவே எரிந்துகொண்டிருந்தன.

இடது இருக்கையில் இருந்தவர் ஒன்பதாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்த கேப்டன். ஆனால் 777க்குப் புதியவர், அதில் அவர் ஓட்டியது ஐம்பது மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஏர்பஸ் ஏ320இல் கேப்டனாக இருந்தவர். வலது இருக்கையில் அவருக்குப் பயிற்றுநர். 777இல் நல்ல அனுபவம் உள்ளவர்தான், ஆனால் பயிற்றுநராக அவருக்கு அதுதான் முதல் பயணம். ஆக, ஒருவர் விமானத்துக்குப் புதிது, இன்னொருவர் கற்றுக்கொடுப்பதற்குப் புதிது. பின்னால் ஒரு துணை விமானி உட்கார்ந்திருந்தார்.

வரும்போதே விமானம் இருக்க வேண்டிய சரிவுக்கு மேலே இருந்தது. சீக்கிரம் கீழே கொண்டுவர வேண்டும். சுமார் 1,500 அடி உயரத்தில் கேப்டன் தானியங்கி விமானியை வேறொரு மோடுக்கு மாற்றினார். 'இந்த உயரத்துக்குப் போ' என்று சொல்லும் மோடு அது. ஆனால் உயரப் பெட்டியில் அப்போது இருந்தது 3,000 அடி. இறங்க முடியாமல் திரும்ப மேலே போக வேண்டி வந்தால் உதவும் என்று முன்கூட்டியே வைத்த எண். விமானம் சொன்னதைக் கேட்டது. மூக்கைத் தூக்கி மேலே ஏறப் பார்த்தது, என்ஜின் உறுமியது. கேப்டன் தானியங்கி விமானியைத் துண்டித்து, என்ஜின் நெம்புகோல்களைப் பின்னால் இழுத்து அடக்கினார். இதுவரை எல்லாம் புரிகிறது, யாரும் செய்யக்கூடியதுதான்.

சிக்கல் அடுத்த நொடியில்தான். 777இல் என்ஜின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் தானியங்கி தனியாக உண்டு. விமானம் மெதுவானால் அதுவே எரிபொருளைக் கூட்டும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட மோடில் விமானி நெம்புகோலைக் கையால் பின்னுக்கு இழுத்தால், 'சரி, நீங்களே பிடித்துக்கொண்டீர்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்' என்று அது விலகிக்கொள்ளும். சுவிட்ச் ஆன் நிலையில்தான் இருக்கும், அணைந்ததாகாது. அணையவில்லை, வேலையும் செய்யாது. வேகம் எவ்வளவு குறைந்தாலும் தானாக எழுந்து வராது. திரையின் மேல் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சொல் மட்டும் தோன்றும்: ஹோல்ட்.

காக்பிட்டில் மூன்று விமானிகள் இருந்தும் அந்தச் சொல்லை ஒருவரும் கவனிக்கவில்லை.

இறங்குவதற்கு வைத்திருந்த வேகம் 137 நாட். 500 அடியில் எண்கள் கிட்டத்தட்டச் சரியாகவே தெரிந்தன. ஆனால் என்ஜின் அடங்கிப்போய் இருந்தது, விமானம் வேகமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. 200 அடியில் நான்கும் சிவப்பு. மூக்கைத் தூக்கினார் கேப்டன். தூக்கத் தூக்க வேகம் இன்னும் போனது. திரும்பவும் மேலே ஏற முயன்றபோது உயரம் 100 அடிக்கும் கீழே. என்ஜின் உயிர் பெற்று எழ சில நொடிகளாவது வேண்டும், அந்த நொடிகள் இல்லை. ஒரு கட்டத்தில் வேகம் 103 நாட் வரை போயிருந்தது. விமானத்தின் பின்பகுதி கடலோரத் தடுப்புச் சுவரில் மோதி வால் பிய்ந்தது. மீதி உடல் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று சுற்றி ஓடுபாதைக்கு வெளியே விழுந்தது.

307 பேரில் 304 பேர் பிழைத்தார்கள். இறந்த மூவரும் கலிபோர்னியாவில் கோடை முகாமுக்கு வந்த சீனப் பள்ளி மாணவிகள். அவர்களில் ஒருத்தி தீயணைப்பு நுரைக்குள் கிடந்தபோது அவள் மீது தீயணைப்பு வண்டி ஏறியது. அறிக்கையின் இந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை என்னால் படிக்க முடியவில்லை.

இப்போது அண்ணன் கதை.

நான் அப்போது வேலை பார்த்தது ஒரு ரசாயன ஆலையில். பெயர் வேண்டாம். அந்த வருடம் ஜனவரியில் காஸ்டிக் தொட்டி ஒன்று நிரம்பி வழிந்தது. தொட்டியின் மட்டத்தைப் பார்த்து வால்வைத் தானாகத் திறந்து மூடும் லூப் ஒன்று உண்டு. வழக்கமாக ஆட்டோவில் இருக்கும். பகல் ஷிஃப்ட்டில் இன்ஸ்ட்ருமென்ட்காரர்கள் மட்டமானியைச் சரிபார்ப்பதற்காக அதை மேனுவலில் போட்டார்கள். வேலை முடிந்து திரும்ப ஆட்டோவில் போட மறந்துவிட்டார்கள். திரையில் அந்த லூப்பின் பெட்டிக்குள் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'எம்'. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு எழுத்து. ஒரு திரையில் அப்படி நாற்பது பெட்டிகள்.

அண்ணன் அந்தத் திரையை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஷிஃப்ட் இன்ஜினியராக நானும் இரண்டு தடவை அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மட்டம் ஏறுவது தெரிந்தது. 'கொஞ்சம் ஏறுது, லூப் பார்த்துக்கும்' என்றுதான் இருவருக்கும் தோன்றியது. பத்து வருடமாக அது பார்த்துக்கொண்டுதானே இருந்தது. அப்புறம் அலாரம் அடித்தது. அன்று ஒரு கம்ப்ரஸர் டிரிப்பாகி நின்றுபோய் அலாரங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் இதற்கும் சேர்த்து ஒப்புதல் பட்டனை அழுத்தியாயிற்று. தொட்டி வழிந்து சுற்றுச்சுவருக்குள் காஸ்டிக் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. விடியும்வரை பம்ப் செய்து எடுத்தோம்.

விசாரணை நடந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். 'எழுதினார்கள்' என்று சொல்வது பொய். எழுதியது நான். அண்ணனுக்கு மெமோ கொடுத்து ஓர் இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். எனக்கு வாய்மொழியாக நாலு வார்த்தை, அவ்வளவுதான்.

அதனால்தான் விபத்துக்குப் பிறகு உலகம் பேசிய பேச்சு என்னை வேறு விதமாகத் தைத்தது. முதல் நாளே தீர்ப்பு தயாராகிவிட்டது: கொரியர்கள் பெரியவர்களை எதிர்த்துப் பேச மாட்டார்கள், தலைமை விமானி தப்பு செய்தாலும் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார், அதனால்தான் விழுந்தது. இந்த வாதத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1997இல் குவாம் தீவில் கொரியன் ஏர் 801 மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். அங்கேயும் சரிவு காட்டும் வழிகாட்டி வேலை செய்யாத நாள்தான். அப்போது எழுந்த பேச்சைப் பதினாறு வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் சான் பிரான்சிஸ்கோ பகுதித் தொலைக்காட்சி நிலையம் ஒன்று நான்கு விமானிகளின் பெயர்கள் என்று செய்தியிலேயே வாசித்தது. நான்கும் கொரிய ஒலியைக் கிண்டல் செய்து யாரோ கட்டிவிட்ட போலிப் பெயர்கள். சத்தமாகப் படித்தாலே கேலி என்று தெரியும். அவற்றை உறுதிசெய்தது பாதுகாப்பு வாரியத்தில் இருந்த ஒரு கோடைக்காலப் பயிற்சி மாணவர். வாரியமும் நிலையமும் மன்னிப்புக் கேட்டன. கொரியாவிலும் வெட்கப்பட ஒன்று நடந்தது. இறந்தவர்கள் சீனர்கள், நம்மவர்கள் இல்லை என்பதில் ஓர் ஆறுதல் என்கிற மாதிரி அங்கே ஒரு செய்தி வாசிப்பாளர் நேரலையில் சொல்லிவிட்டார். அந்த சேனலும் மன்னிப்புக் கேட்டது. இன்னொரு பக்கம், எரியும் விமானத்திலிருந்து பெட்டியும் கையுமாக ஓடிய பயணிகளைத் திட்டித் தீர்த்தார்கள். அது நியாயமான கோபம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெளியே விரியாமல் விமானத்துக்குள்ளேயே விரிந்த அவசரச் சறுக்குப் பைகளுக்கு அடியில் இரண்டு பணிப்பெண்கள் மாட்டிக்கொண்ட நிலையிலும், மற்றவர்கள் பயணிகளைத் தூக்கிச் சுமந்து வெளியேற்றியதை அதே அளவு பேசவில்லை. அவர்களும் அதே கொரியப் பண்பாட்டில் வளர்ந்தவர்கள்தான்.

பண்பாட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேப்டனே விசாரணையில் சொல்லியிருக்கிறார்: இடது இருக்கையில் இருந்தாலும் இறங்காமல் திரும்ப ஏறலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் பயிற்றுநருக்குத்தான் என்று நினைத்தேன், அது எங்கள் பண்பாடு என்று. கண் கூசும் வெளிச்சம் இருந்தும், பயிற்றுநர் முன்னால் கறுப்புக் கண்ணாடி போடுவது மரியாதையில்லை என்று போடவில்லை என்றும் சொன்னார். மாமனார் முன்னால் கால் மேல் கால் போட யோசிக்கும் நமக்கு இது புரியாமல் போகாது. ஆனால் அன்று அந்தக் காக்பிட்டில் வாயைத் திறந்தவர் யார் தெரியுமா? பின்னால் உட்கார்ந்திருந்த துணை விமானி, மூவரில் இளையவர். உயரம் குறையும் வேகம் அதிகம் என்று ஒரு முறைக்கு மேலேயே குரல் கொடுத்தார். வேகமானி கீழே போவதைப் பயிற்றுநர் நேரத்தில் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டு மரியாதைக்காகச் சும்மா இருந்தார் என்றால்தான் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

வாரியத்தின் காரணப் பட்டியலில் விமானிகளின் தவறு முதலில் இருக்கிறது, அதில் சலுகை எதுவும் இல்லை. இறக்கத்தைச் சரியாகக் கையாளவில்லை, வேகத்தைக் கவனிக்கவில்லை, திரும்ப ஏறத் தாமதித்தார்கள். ஆனால் வேகக் கட்டுப்பாட்டைத் துண்டித்ததை 'தெரியாமல் செய்தது' என்று குறிப்பிடுகிறார்கள். அடுத்த பத்திதான் எனக்கு முக்கியம். அந்தத் தானியங்கியின் சிக்கல்கள் போயிங்கின் கையேடுகளிலும் ஏசியானாவின் பயிற்சியிலும் போதுமான அளவு விளக்கப்படவில்லை என்கிறார்கள். அதே தானியங்கி ஏற்பாடு போயிங் 787லும் உண்டு. 2010இல் 787ஐச் சோதித்த அமெரிக்க அரசின் சோதனை விமானி ஒருவரே, வேகம் குறைந்தும் இது எழுந்து வரவில்லையே என்று வியந்து கவலை தெரிவித்திருந்தார். ஐரோப்பிய அமைப்பும் இதைச் சுட்டிக்காட்டியது. விமானங்களைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு வியப்பாக இருந்த ஒன்று, ஐம்பது மணி நேரம்கூட ஓட்டாதவருக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? அவர் முன்பு ஓட்டிய ஏ320இல் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் இயந்திரமே என்ஜினை உச்சத்துக்குத் தூக்கிவிடும். அந்தப் பழக்கத்தோடு வந்தவர் அவர்.

இன்னொன்று, ஏசியானா தன் விமானிகளிடம் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கவில்லை. தானியங்கியை முழுதாகப் பயன்படுத்து என்பதுதான் கொள்கை. செலவுக் கணக்கிலும் பாதுகாப்புக் கணக்கிலும் அதில் நியாயம் உண்டு, சாதாரண நாட்களில் இயந்திரம் மனிதனை விட ஒழுங்காகவே பறக்கும். ஆனால் நல்ல வெயிலில், கண்ணால் பார்த்து ஒரு பெரிய விமானத்தை இறக்குவது தனக்குப் பெரும் மன அழுத்தமாக இருந்தது என்று ஒன்பதாயிரம் மணி நேரம் பறந்தவர் சொல்கிறாரே, அதைக் கேட்டால் எனக்குப் பகீர் என்றது. விபத்துக்கு ஆறு மாதம் முன்புதான் அமெரிக்க விமானத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது, கையால் ஓட்டும் வாய்ப்பை விமானிகளுக்கு அதிகப்படுத்துங்கள் என்று. ஆக, இது கொரியாவின் தனிப்பட்ட நோய் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

தெரியாமல் எப்படி இருக்கும்? 2009இல் அட்லாண்டிக் நடுவே விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447இல் வேகம் அளக்கும் குழாய்கள் பனியில் அடைபட்டன, தானியங்கி விலகிக்கொண்டது, மூக்கைத் தூக்கியபடியே மூன்றரை நிமிடம் விழுந்து 228 பேரும் இறந்தார்கள். அந்த உயரத்தில் கையால் ஓட்டிப் பழகும் பயிற்சி அந்தத் துணை விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பிரெஞ்சுப் பண்பாட்டைப் பற்றி யாரும் ஆராயவில்லை. ஏசியானா விழுந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 14 அன்று அலபாமாவின் பர்மிங்காமில் யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று தாழ்ந்து வந்து ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதியது. இரண்டு அமெரிக்க விமானிகள் இறந்தார்கள். நிலைப்படாத இறக்கம், உயரத்தைக் கவனிக்கவில்லை என்று ஏறக்குறைய அதே வகைப் பழுது. அமெரிக்கர்களின் பழக்கவழக்கம் பற்றி நான் ஒரு கட்டுரையும் பார்க்கவில்லை.

பயிற்சி என்றாலே மணிக்கணக்கைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வேறு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் 3407 விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்த பிறகு, துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தது. அந்த விதி நடைமுறைக்கு வந்தது ஏசியானா விபத்து நடந்த அதே கோடையில். வேடிக்கை என்னவென்றால், கோல்கன் விமானிகள் இருவருக்குமே 1,500ஐ விட அதிக மணி நேரம் இருந்தது. எண் ஒன்றைச் சொன்னால் மக்களுக்கு ஆறுதல், அரசுக்கும் சுலபம். அந்த மணிகளில் என்ன செய்தார் என்று கேட்பதுதான் கடினம். ராத்திரி முழுக்கத் தானியங்கி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து மணியும் பதிவேட்டில் பத்து மணிதான்.

இதே நாடகம் இன்னும் பெரிதாக 2018இல் ஆரம்பித்தது. அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் 610, 189 பேர். அடுத்த மார்ச்சில் எத்தியோப்பியன் 302, 157 பேர். இரண்டும் புத்தம்புது 737 மேக்ஸ். மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. லயன் ஏர் விழும்வரை விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி விளக்கமே இல்லை. அப்படியிருந்தும், அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்களாக இருந்தால் சமாளித்திருப்பார்கள் என்று அவர்களின் நாடாளுமன்ற விசாரணையிலேயே ஓர் உறுப்பினர் பேசினார். பின்னால் போயிங்கின் உள் உரையாடல்கள் வெளிவந்தன. விபத்துக்கு முந்தைய வருடம், எங்கள் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படுமோ என்று லயன் ஏர் கேட்டபோது, உள்ளே இருந்தவர்கள் அவர்களை முட்டாள்கள் என்று கேலி செய்திருக்கிறார்கள். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக வேறொரு அமெரிக்க நிறுவனத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது போயிங். பயிற்சி வேண்டாம் என்பதே அந்த விமானத்தின் விற்பனைச் சரக்கு.

2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்துக்குப் பிறகு நாமும் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். 260 உயிர்கள். ஒரு மாதத்தில் முதல்கட்ட அறிக்கை வந்தது. எரிபொருள் சுவிட்சுகள் அணைந்த நிலைக்குப் போயின, ஏன் அணைத்தாய் என்று ஒருவர் கேட்டார், நான் அணைக்கவில்லை என்று மற்றவர் சொன்னார் என்ற அளவுக்குத்தான் அதில் இருந்தது. அன்று மாலைக்குள் டி.வி.யில் இறந்த விமானிகளின் மனநிலைவரை அலசி முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும்தான். என் சித்தப்பா மூன்று செய்திகளில் வழக்கை முடித்து, நான்காவதாகக் காலை வணக்கம் படம் போட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படி ஒரு கட்டத்தை ஒரே வரியில் நிரப்பியவன். அந்த வரியை எழுதும்போது எனக்குக் கிடைத்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. கவனக்குறைவு அவருடையது என்றால், அதே திரையை அதே இரவு பார்த்த நான் கவனமானவன் ஆகிவிடுகிறேன்.

மெமோவுக்குப் பிறகு அண்ணன் கன்ட்ரோல் ரூமில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். எந்த லூப் மேனுவலில் இருக்கிறதோ அதன் எண்ணை, போட்டவர் பெயரோடு பெரிய எழுத்தில் எழுதிவைப்பார். ஷிஃப்ட் மாறும்போது போட்டவரே வந்து அழிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஆலை அமைதியாக ஓடும் நேரமாகப் பார்த்து, டிரெய்னிப் பையன்களை உட்காரவைத்து ஒரு லூப்பை மேனுவலில் போட்டுப் பத்து நிமிடம் கையால் ஓட்டச் சொல்வார். "கை மறந்துடும்டா" என்பார். அடுத்த தணிக்கையில் இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள். பலகை நடைமுறைக் கையேட்டில் இல்லை, பையன்கள் கையில் லூப்பைக் கொடுப்பது ஆபத்து. இரண்டாவது காரணம் முழுக்கத் தவறும் இல்லை. அண்ணன் வாதம் செய்யவில்லை. பலகையைக் கழற்றித் தன் லாக்கர் கதவின் உட்பக்கத்தில் மாட்டிக்கொண்டார். ஷிஃப்ட் ஆரம்பத்தில் லாக்கரைத் திறந்து எழுதிவிட்டு வருவார், முடிவில் போய்ப் பார்த்து அழிப்பார்.

நான் 2016இல் அந்த ஆலையை விட்டு வந்தேன். கிளம்பும் நாளில் லாக்கர் அறையில் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது கதவு திறந்திருந்தது. பலகையில் இரண்டு எண்கள். ஒன்றின் பக்கத்தில் என் பெயர். முந்தின இரவு நான் மேனுவலில் போட்டு, மறந்துபோயிருந்தேன்.

"நானே ஆட்டோவுல போட்டுட்டேன் சார்" என்றார் அண்ணன். "ஆனா போட்டவங்கதான் அழிக்கணும்."

துணியை என் கையில் கொடுத்தார்.